விண்வெளித் தொலைநோக்கிக்கு யார் ஃபிலிம் மாற்றுவது?

ஹப்பிள் என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் அதன் 2.4 மீட்டர் கண்ணாடியைத்தான் சொல்வார்கள். எனக்கு ரொம்ப நாளாக வேறு சந்தேகம். எடுத்த படம் கீழே எப்படி வந்து சேர்ந்தது? சாஃப்ட்வேர்க்காரன் புத்தி அப்படி. இன்புட் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அவுட்புட் வராவிட்டால் என்ன பிரயோஜனம்?

வளிமண்டலத்துக்கு மேலே தொலைநோக்கி வைக்கலாம் என்று லைமன் ஸ்பிட்சர் அறிக்கை எழுதியது 1946-ல். ஹப்பிள் மேலே போனது 1990-ல். நடுவில் 44 வருஷம். தாமதத்துக்குப் பணமும் அரசியலும் காரணங்கள்தான். ஆனால் ராக்கெட் வந்த பிறகும் தீராமல் நின்ற சிக்கல் ஒன்று உண்டு: ஃபிலிம்.

அதே 1946-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்ததைப் பாருங்க. ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டின் மூக்கில், சூரியனின் புற ஊதா ஒளியைப் பதிய ஒரு கருவியை வைத்து ஜூனில் ஏவினார்கள். ராக்கெட் தலைகுப்புற விழுந்து பெரிய பள்ளம் பறித்தது. கருவி கிடைக்கவே இல்லை. அக்டோபர் 10-ல் கருவியை வால் துடுப்புக்கு மாற்றினார்கள். ஃபிலிம் தப்பியது. பூமியிலிருந்து பார்க்க முடியாத சூரியனின் புற ஊதா நிறமாலை முதல்முறையாகக் கிடைத்தது.

அடுத்து உளவாளிகளின் வழி. அமெரிக்காவின் கொரோனா செயற்கைக்கோள், ஃபிலிம் சுருளைப் பெட்டியில் வைத்துக் கீழே போடும். பாராசூட்டில் இறங்கும் பெட்டியை விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். 1960 ஆகஸ்டில் இது நிஜமாகவே வேலை செய்தது! ஸ்கைலேப் நிலையத்தின் சூரியத் தொலைநோக்கிகளுக்கு 1973-ல் விண்வெளி வீரர்களே வெளியே நடந்து போய் ஃபிலிம் மாற்றினார்கள். வருஷக்கணக்கில் தனியாகச் சுற்றப்போகும் தொலைநோக்கிக்கு இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாகும்? டிவி கேமராக் குழாய்களை 1968-லேயே ஓஏஓ-2 செயற்கைக்கோளில் வைத்துப் பார்த்தார்கள். படம் ரேடியோவில் கீழே வந்துவிடும். ஆனால் மங்கிய பொருள்களை நுட்பமாக அளக்க அவை போதவில்லை.

தீர்வு வந்தது வானியலே சம்பந்தப்படாத இடத்திலிருந்து. 1969 அக்டோபரில் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கம்ப்யூட்டருக்கு ஒரு புதுவகை மெமரி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கரும்பலகையில் போட்ட வரைவுதான் சிசிடி.

கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அதே கதைதான். சிலிக்கானில் ஒரு கட்டத்தில் இருக்கும் மின்னூட்டம் அடுத்த கட்டத்துக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நகரும். வரிசைக் கடைசியில் ஒருவர் எண்ணிக்கொள்வார். செங்கல்லுக்குப் பதில் ஒளி பட்டு உண்டான எலக்ட்ரான்கள் என்று வையுங்கள்; கடைசியில் கிடைக்கும் எண்கள்தான் படம். எண்ணாகிவிட்டால் ரேடியோவில் அனுப்பலாம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஃபிலிம் நூறு ஃபோட்டானில் சிலவற்றைத்தான் பதியும். நல்ல சிசிடி பாதிக்கும் மேல் பிடித்துவிடும்.

1976-ல் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கியில் சிசிடியைப் பொருத்தி யுரேனஸைப் படம் எடுத்தார்கள். ஹப்பிளின் முதல் முக்கியக் கேமராவில் 800-க்கு 800 புள்ளிகள் கொண்ட எட்டு சிசிடிகள் இருந்தன. இன்று போன் கேமராவைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

இனி கொஞ்சம் வில்லங்கமான பகுதி. 2009-ல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி, படம்பிடிக்கும் சிசிடிக்காக, பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் போனது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக்கேல் டாம்ப்செட் அதை எதிர்த்தார். படம்பிடிக்கும் சிசிடிக்கான காப்புரிமை அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் சிசிடி கேமராக்களைச் செய்துகாட்டியதும் அவரே. மற்ற இருவரும் சும்மா பரிசு வாங்கவில்லை. அவர்களுடைய 1970 கட்டுரையின் சுருக்கத்திலேயே, பயன்பாடுகளின் பட்டியலில் படம்பிடிப்பதும் ஒன்றாக வருகிறது. ஆனால் பட்டியலில் ஒரு வரி எழுதுவதும், ஓடுகிற கேமராவாக ஆக்குவதும் ஒன்றா? ஸ்பெக் எழுதினவர் பெயர் நிற்கும், கோடு எழுதினவர் பெயர் மறையும் தொழிலில் இருப்பதால் என் மனசு டாம்ப்செட் பக்கம்தான் சாய்கிறது. பின்னாளில் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது ஒரு ஆறுதல்.

அடுத்த முறை ஹப்பிள் படம் ஒன்றைப் பார்த்தால், கண்ணாடியோடு சேர்த்து அந்தச் சித்தாள் வரிசையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.