கல் என்று நினைத்த உயிர்

கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் எனக்குக் கடல் அன்றாடக் காட்சி அன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. எங்கள் பக்கம் காடு அழிந்தால் மொட்டைமலை கண்ணில் படும். மன்னார் வளைகுடாவின் அழிவோ நீருக்கடியில் நடந்தது. பெயரும் ஏமாற்றியது என்பேன்: பவளப்பாறை. பாறை என்றால் வெட்டி எடுக்கலாம் அல்லவா?

உண்மையில் அப்பாறையைக் கட்டுவது மென்னுடல் கொண்ட சிறு விலங்கு. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தருகிறது. விலங்கு கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத இனங்களும் உண்டு.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இத்திட்டுகள் அமைந்துள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள். அவற்றை அண்டிய மீன்கள், சிங்கி இறால், கடல் அட்டை, ஆமை. அருகிலுள்ள கடற்புல்லை மேயும் ஆவுளியா. 1986-இல் தேசியப் பூங்காவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. ஆயினும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டுவது நிற்கவில்லை. 2001-இல்தான் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே இடத்தில், சேர்ந்தன. சுனாமிக்குப் பின், 2005 வாக்கில், வெட்டுவது ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மறைந்துவிட்டன. 21 என்றுதான் இன்றும் எழுதுகிறோம்.

கடப்பாரையைச் சட்டம் தடுத்தது. வெப்பத்தை எது தடுக்கும்? கோடையில் நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெருமளவில் நிகழ்ந்தது. இதனிடையே, வாழ்வாதாரத்துக்கென வளர்க்கப்பட்ட அயல்பாசியான கப்பாபைகஸ் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்தது. அதைக் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு நெருடுவது ஒன்றுண்டு. தேசியப் பூங்காவின் கட்டுப்பாடு முதலில் இறுக்கியது, தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி பறித்துப் பிழைத்த மீனவப் பெண்களைத்தான். காட்டை நம்பிய எங்கள் மலைவாசிகள் இதே நெருக்கடியை வேறு உருவில் அறிவார்கள். கடலைச் சூடாக்கியவர்கள் அந்தப் பெண்கள் அல்லர். குளிரூட்டிய அறையில் இதை எழுதும் எனக்கு அதில் பங்கு அதிகம். வெளிறலைக் கண்காணிக்கவும் அயல்பாசியை அகற்றவும் அவர்களை நிரந்தர ஊதியத்தில் அமர்த்துவதே நியாயம். எந்தத் திட்டில் எது வெளிறுகிறது என்பது அந்நீரில் தினமும் மூழ்குபவருக்கே முதலில் தெரியும்.