ஞாயிற்றுக்கிழமைப் பேகல்

இறுகப் பிசைந்த மாவை வளையமாக்கி, ஓரிரவு குளிரில் ஊறவிட்டு, மறுநாள் கொதிநீரில் இட்டெடுத்து, அதன்பின் அடுப்பில் சுடும் ரொட்டிக்குப் பேகல் என்று பெயர். வடிவில் உளுந்து வடையை நினைவூட்டினாலும் இது எண்ணெயில் பொரிப்பதன்று. கடித்தால் பல்லுக்குச் சற்றே இழுபட்டுக் கொடுப்பது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தாய்மொழியாகிய இத்திஷில் வழங்கிய 'பெய்கல்' என்னும் சொல், வளையத்தையும் வளையலையும் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லின் வழிவந்தது.

1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னன் சோபியெஸ்கியைப் பெருமைப்படுத்த, அவனது குதிரையின் அங்கவடி வடிவில் முதல் பேகல் சுடப்பட்டதாக ஒரு கதை உண்டு. ஆயினும் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே, 1610இல், கிராக்கோவ் நகர யூத சமூகம் வகுத்த ஒழுங்குவிதிகள், மகப்பேற்றையொட்டி வழங்கும் பண்டங்களுள் ஒன்றாகப் பேகலைக் குறிப்பிடுவதால், அக்கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. அதே நகரில் இன்றும் தெருவில் விற்கும் 'ஒப்வசானெக்' என்னும் முறுக்கிய வளைய ரொட்டி, 1394ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்கில் அரசி யாத்விகாவுக்காக வாங்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. பேகலுக்கு அதனை நெருங்கிய உறவு எனலாம். மன்னர் புகழைவிடப் பிள்ளை பெற்றவளின் வீட்டோடு பேகலுக்குள்ள தொடர்பே பழையது என்பது மனநிறைவு தரும் செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, பேகல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வேரூன்றியது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை நீளும் சபாத் என்னும் ஓய்வுநாளில் தீ மூட்டுவதையும் வேலை செய்வதையும் யூத மறைநெறி விலக்குகிறது. புதிய நாட்டின் தொழில் ஒழுங்கோ ஞாயிறை விடுமுறையாக்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சனி இரவு பேகல் சுடுவோரின் இரவாயிற்று; ஞாயிறு காலை, குடும்பம் நிதானமாக உட்கார்ந்து உண்ணும் வேளையாயிற்று. பேகலுடன் சேர்ந்தவையும் புதிய மண்ணின் பொருள்களே. பசிபிக் கரையிலிருந்து உப்பிட்டுப் பீப்பாய்களில் ரயிலேறி வந்த சால்மன் மீன் 'லாக்ஸ்' எனப்பட்டது; புளிப்பேறிய மென்பாலாடைக் கட்டியான கிரீம் சீஸ் நியூயார்க் மாநிலத்தில் 1870களில் உருவானது. இறைச்சியையும் பால்பொருளையும் சேர்த்துண்ணக் கூடாது என்னும் கோஷர் உணவுவிதி மீனை இறைச்சியாகக் கொள்வதில்லை. ஆகவே லாக்ஸும் கிரீம் சீஸும் ஒரே பேகலின் மீது தடையின்றி அமர்ந்தன.

இத்தொழிலைக் கையில் வைத்திருந்தது லோக்கல் 338 என்னும் தொழிற்சங்கம். ஏறத்தாழ முந்நூறு பேரே கொண்ட அச்சங்கத்தில், உறுப்பினரின் மகனுக்கோ நெருங்கிய உறவினனுக்கோ அன்றி இடம் கிடைப்பது அரிது. நிலவறை அடுப்பின் வெக்கையில் ஒருவர் மாவுத் துண்டைப் பலகையில் உருட்டிக் கயிறாக்கி, விரல்களைச் சுற்றி வளைத்து, இரு முனைகளும் உள்ளங்கையின் கீழ் ஒட்டும்படி ஒரே உருட்டில் மூடுவார்; ஒருவர் கொப்பரையைக் கவனிப்பார்; ஒருவர் அடுப்பைப் பார்ப்பார். 1951 டிசம்பரில் தொழிலாளர் தகராறால் நகரின் 34 பேகல் கூடங்களுள் 32 மூடிக்கிடந்தபோது, லாக்ஸ் விற்பனையும் சரிந்தது. இத்தகைய வலிமை வாய்ந்த சங்கத்தைச் சாய்த்தது, டேனியல் தாம்சன் உருவாக்கிய வளையமிடும் எந்திரம். 1963இல் அதனை வாடகைக்கு எடுத்த, பேகல் தயாரித்துவந்த லெண்டர் குடும்பத்தினர், உறைநிலைப் பேகலை அமெரிக்கா முழுவதற்கும் அனுப்பினர். நாளடைவில் பல ஆலைகள் கொதிநீரைக் கைவிட்டு நீராவிக்கு மாறின. பேகல் மென்மையாகிப் பருத்தது. பரவலின் பெயரால் நேர்ந்த இம்மாற்றம் உண்மையான இழப்பேயாகும், ஏனெனில் பேகலைப் பேகலாக்குவது கொதிநீர்தான்: மேற்பரப்பிலுள்ள மாச்சத்து அதில் வெந்து இறுகி, அடுப்பில் மாவு மிகையாக உப்பாமல் தடுத்து, உள்ளே அடர்த்தியையும் வெளியே மினுமினுப்பையும் தருகிறது.

போலந்தில் கூடத்தில் சுட்டுத் தெருவில் கூவி விற்ற பேகல் பெரிதும் வாங்கியுண்ணும் பண்டமாகவே இருந்ததால், அதனை வீட்டில் செய்யும் வழக்கத்தைப் பழைய மரபு என்பதற்கில்லை. இழந்த சுவையைத் தேடியோர் சங்கத்தாரின் இரவுவேலையைத் தம் சமையலறைக்குக் கொண்டுவந்தனர் என்பதே பொருந்தும். குளிர்பதனப் பெட்டியில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து சுவையைக் கூட்ட ஓரிரவு தேவைப்படுவதால், வாரஇறுதியே இதற்கு இயல்பாக வாய்த்த பொழுது. சனி மாலையில் கணவன் புரதம் மிகுந்த மாவைப் பிசைய, மனைவி வளையமிடுவாள். ஞாயிறு காலையில் ஒருவர் பார்லி முளைப்பாகு கலந்த நீரருகிலும் மற்றவர் அடுப்பருகிலும் நிற்பர். முந்நூறு பேர் காத்த வேலைப்பிரிவினை இவ்வாறு இருவருக்குள் அடங்கிவிடுகிறது. குளிர்ந்த வளையம் ஒன்றைத் தண்ணீரில் இட்டு அது மிதக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்ப்பர். மிதந்தால் மாவு பதமாகிவிட்டது, மூழ்கினால் இன்னும் சற்று நேரம் காத்திருக்க வேண்டும்.