தேடிப் போகும் இழை

1840களில் பிரான்சின் ரொட்டிக் கூடங்களில் ஆரஞ்சு நிறப் பூஞ்சை ஒன்று பரவித் தொல்லை கொடுத்தது. 1927இல் ஷியர், டாட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் இணைசேரும் பருவத்தை விளக்கி, 'நியூரோஸ்போரா' என்று பெயரிட்டார்கள். வித்தின் மேல் நரம்புபோல் ஓடும் வரிகளால் வந்த பெயர் அது.

நூல்நூலாய்ப் படரும் இந்தப் பூஞ்சை இணைசேராமலே பெருகக் கூடியது. இழைகளிலிருந்து ஆரஞ்சுப் பொடியாய் உதிரும் வித்துகள் காற்றில் போய் வேறிடத்தில் முளைக்கும். நைட்ரஜன் சத்து குறையும்போது இழைகள் சுருண்டு சிறு உருண்டைகளாகின்றன. அந்த உருண்டையைப் 'பெண்' என்கிறது பாடநூல். அதோடு சேரும் பொடிவித்து 'ஆண்'.

இந்தச் சொற்கள் மனிதக் குடும்பத்திலிருந்து கடன் வாங்கியவை. பூஞ்சையில் இருப்பவை இரண்டு இணைவகைகள். ஒரு வகை தன் வகையோடு சேராது. ஆனால் இரண்டு வகையிலும் உருண்டையும் உண்டு, பொடியும் உண்டு. ஒரே பூஞ்சை ஒரு சேர்க்கையில் தாயாகவும் இன்னொன்றில் தந்தையாகவும் இருக்கும். பெண் என்பது அங்கே பிறவி இல்லை, ஒரு வேலை.

அது காத்திருக்கும் வேலையும் இல்லை. உருண்டையிலிருந்து மெல்லிய இழை ஒன்று நீள்கிறது. எதிர்வகை வித்து இருக்கும் திசை அறிந்து, வளைந்து வளர்ந்து, அதைத் தொடுகிறது. வித்தின் உட்கரு அந்த இழைவழியே உருண்டைக்குள் வந்து சேர்கிறது. இழையின் பெயர் டிரைக்கோகைன். கிரேக்கத்தில் முடி, பெண் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. பெயரிலேயே பெண் இருந்தும், 'ஆண் செல் பெண் உறுப்பைக் கருவுறச் செய்கிறது' என்றே வாக்கியம் அமைகிறது. தேடிப் போனவள் செயப்படுபொருளாகிறாள்.

பின்பு உட்கருக்கள் இணைந்து, உடனே பிரிந்து, ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள் வரிசையாக அமைகின்றன. பாரம்பரியத்தை ஆராய ஏற்ற இந்தப் பூஞ்சையைக் கொண்டுதான் பீடிலும் டேட்டமும் 1941இல் ஜீனுக்கும் என்சைமுக்கும் உள்ள தொடர்பைக் காட்டி, 1958இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அதன் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. 1944இல் பீடில் அழைத்து ஸ்டான்ஃபோர்டு வந்த பார்பரா மெக்ளிண்டாக், சில வாரங்களிலேயே அவை ஏழு என்று கண்டு, அவை பிரியும் படிகளையும் விளக்கினார்.

1952இல் மேரி மிட்செலும் ஹெர்ஷல் மிட்செலும் மெதுவாக வளரும் ஒரு ரகத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் குறை உருண்டை தரும் பக்கத்திலிருந்து மட்டுமே அடுத்த தலைமுறைக்கு இறங்கியது. காரணம் மைட்டோகாண்ட்ரியா. பொடிவித்து தருவது உட்கருவை. செல்லின் மற்ற உடைமைகளை உருண்டையே தருகிறது. 1955இல் மேரி மிட்செல், ஒரு ஜீன் வடிவம் அதன் இணை வடிவமாக மாறிவிடக்கூடும் என்பதற்கான சான்றைத் தனியாக வெளியிட்டார். பீடில், டேட்டம் பெயர்களைப் படிக்கும் மாணவிகள் இந்தப் பெயரையும் படிக்க வேண்டும்.

பூஞ்சையிடம் போய் நாம் பெண்ணியம் கற்க வேண்டியதில்லை. ஆனால் 'இயற்கையே அப்படித்தான், ஆண் செய்வான், பெண் ஏற்பாள்' என்று சொல்லப்படும்போது, அதை இயற்கை சொன்னதா, எழுதியவர் சொன்னதா என்று கேட்கலாம். 'இழை வித்தைத் தேடி எடுத்துக்கொண்டது' என்று எழுதினால் அறிவியலில் ஒன்றும் குறையாது. நடந்ததும் அதுதான்.