பழைய வீட்டுக்குள் ஏ.சி. நுழைந்த கதை

கடையில் "ஒன்றரை டன் ஏ.சி." என்கிறார்களே, அந்த டன் எதன் எடை என்று யோசித்ததுண்டா? நிச்சயமாக ஏ.சி.யின் எடை இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் அதை மாடிக்கே தூக்கிவிடுகிறார்கள்!

அது பனிக்கட்டியின் எடை. ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதாக உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த அளவுக்குப் பெயர்தான் ஒரு டன். கணக்குப் பார்த்தால் மணிக்கு 12,000 பி.டி.யூ. இயந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சி என்பது எடை போட்டு விற்ற சரக்கு. வணிகவியல் படிக்கிறவனுக்கு ஏ.சி. பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில் :-)

அந்தச் சரக்கு சென்னைக்கும் வந்தது. பாஸ்டன் நகர வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன் இருந்தது. நான்கு மாதப் பயணம் முடிந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியது. பாதியளவு கடலில் கரைந்தும் லாபம்! சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். செயற்கையாக ஐஸ் தயாரிக்கும் முறை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். ஏரியாவின் பெயர் மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

ஐஸ் வாங்கியவர்கள் வசதியுள்ள சிலர். அவர்கள் வீட்டில் காற்று வேண்டுமென்றால் கூரையில் தொங்கும் பங்காவைக் கயிறு கட்டி ஒரு ஆள் இழுக்க வேண்டும். ஒருவர் குளிர, இன்னொருவர் வியர்த்தார். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டையே குளிர்ச்சியாகக் கட்டிக்கொண்டார்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சுவர் மெதுவாகத்தான் சூடேறும். நடுவில் முற்றம், சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதிப்பது. உயரம் 12 அடிக்கு மேல். சுவரின் உச்சியில் வென்டிலேட்டர். மொத்தத்தில், சூட்டை வெளியே அனுப்பக் கட்டப்பட்ட வீடு அது.

ஏ.சி.யோ நேர் எதிர். குளிர்ந்த காற்றை வெளியே விடாமல் அடைத்து வைத்தால்தான் அது வேலை செய்யும். இதைக் காட்டித்தான் பலர், "இந்த வீட்டுக்கு ஏ.சி. தாங்காது, இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டலாம்" என்கிறார்கள். ஏ.சி.யின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1902இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏ.சி.யை வடிவமைத்தது மனிதர்களுக்காக இல்லை, புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகி அச்சாகின, அதைச் சரிசெய்யத்தான். 1914இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாளிகையில் வைத்த இயந்திரத்தின் நீளம் சுமார் 20 அடி. நம் வீட்டுக் கூடமே அவ்வளவுதான் இருக்கும்! 1930களில் அது ஜன்னலில் உட்கார்கிற பெட்டியாகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விலை இறங்க, 1953இல் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. காரணம் எளிது. ஏற்கெனவே கட்டிய வீட்டை உடைக்காமல் வைக்க முடிந்தது.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஸ்பிளிட் ஏ.சி. வந்தது. ஜன்னலும் வேண்டாம், சுவரில் மூன்று அங்குலத் துளை போதும். 1981இல் வீட்டு ஏ.சி.யில் இன்வெர்ட்டர் வந்தது. தேவைக்கேற்ப கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு முறையும் வளைந்து கொடுத்தது இயந்திரம்தான், வீடு இல்லை. நாமும் அதே வழியில் போகலாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

முதலில், வீடு முழுவதையும் குளிரவைக்க ஆசைப்படக் கூடாது. ஒரே ஒரு படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். மேல் வெயில் படாத அறையாக இருந்தால் நல்லது. அதன் வென்டிலேட்டரையும் கதவு இடுக்குகளையும் மட்டும் அடையுங்கள். வென்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டால் தேவைப்படும்போது திறக்கலாம். முற்றத்தை மூடவே மூடாதீர்கள். மற்ற அறைகளுக்கு அதுதான் மூச்சு.

அடுத்து அளவு. கடைக்காரர் தரைப் பரப்பை மட்டும் கேட்பார். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி. அதே அறை 13 அடி உயரம் என்றால் 1,560. குளிர்விக்க வேண்டிய காற்று 30 சதவீதம் கூடுதல்! ஆகவே உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது வயரிங். மரப்பட்டையில் ஓடும் பழைய வயர் விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்டது. ஏ.சி.யை அதில் மாட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த் நான்கும் அவசியம். இந்தச் செலவைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள்.

நான்காவது சுவர். சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சுத்தியலால் தட்டினால் காரை பெயரும். துளை போடும் மெஷின் கொண்டு வரச் சொல்லுங்கள். துளை வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். சொட்டும் தண்ணீர் சுவரில் இறங்காமல் குழாய் வழியே போக வேண்டும். சுண்ணாம்புக்கு ஈரம் எமன்.

கடைசியாக வெளி யூனிட். பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் தெருக்களில் அதைச் சந்திலோ முற்றத்திலோ வைத்தால், நம் அறையின் சூடு அடுத்த வீட்டுப் பாட்டியின் ஜன்னலுக்குப் போகும். பங்கா இழுத்தவரின் வியர்வை போலத்தான் இதுவும். மொட்டை மாடியில், கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து ஸ்டாண்ட் போட்டு வைப்பது நல்லது.

காசு விஷயம். சாதாரண ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட். தினமும் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 720 யூனிட். இன்வெர்ட்டரும் அதிக நட்சத்திரமும் இதைக் கணிசமாகக் குறைக்கும். 2010 முதல் அறை ஏ.சி.களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமானது. அதில் மிச்சமாகும் பணத்தை வயரிங்குக்கும் எர்த்துக்கும் போடுங்கள் என்பது என் கணக்கு.

இரவில் ஒரு அறை ஏ.சி.யில் குளிரட்டும். பகலில் முற்றம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏ.சி.க்குப் பத்துப் பதினைந்து வருட ஆயுள். அந்த வீடு நூறு வருடம் நின்றிருக்கிறது. பதினைந்து வருடச் சரக்குக்காக நூறு வருடச் சொத்தை இடிப்பது எந்த லெட்ஜரிலும் லாபமாக வராது!