மன்னிப்பும் மீளாய்வும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து வடதிசை நோக்கிச் செல்லும் வீதி, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் முதலிய ஊர்களின் ஊடாகப் பூநகரியைச் சென்றடைகின்றது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் குளமுமாக அமைந்த இக்கரையோர மக்களுக்கு மீன்பிடியும் நெற்செய்கையுமே நெடுங்காலமாக வாழ்வளித்து வந்தன. இலங்கையின் உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் அரச படையினர் முன்னேறிய முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்றாகும். 2008 மே மாதத்தில் அடம்பனும், யூலை 16இல் விடத்தல்தீவும், நவம்பர் 15இல் பூநகரியும் அவர்கள் வசமாயின. அவ்வாண்டு ஏப்ரலில் மடுமாதாவின் திருச்சொரூபம் மடுத் திருத்தலத்திலிருந்து தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. சொரூபம் சென்ற திசையிலேயே மக்களும் இடம்பெயர்ந்தனர். கரையோர ஊர்களை விட்டு வடக்கே சென்றோர், பின்னர் கிழக்கே திரும்பி, 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய நிலப்பரப்பில் போரின் முடிவைக் கண்டனர்.

இப்போரை இராணுவத் தளபதியாக நின்று நடத்தியவர் சரத் பொன்சேகா. 1970இல் படையிற் சேர்ந்து, 2005 டிசம்பரில் தளபதியான இவர், 2006 ஏப்ரல் 25இல் இராணுவத் தலைமையகத்தில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமுற்று உயிர்தப்பியவர். போர் முடிந்த ஒன்றேகால் ஆண்டுக்குள் இவரது பதவிநிலையும் பதக்கங்களும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டன. இன்னும் நான்கரை ஆண்டுகள் கழிந்தபின் அவை அனைத்தும் மீள வழங்கப்பட்டன. படையிலிருந்து இழிவுடன் நீக்கப்பட்ட ஒருவரின் பதிவு மாற்றியெழுதப்பட்ட நிகழ்ச்சிகளுள் இந்நாட்டு வரலாற்றில் இதனினும் பெரியது பிறிதொன்றில்லை எனலாம். அப்பதிவு எவ்வாறு மாற்றப்பட்டது என்பதை ஆராய்வது படைத்துறைச் சட்டம் பயில்வோருக்கு மட்டுமன்றி, மன்னார்க் கரையின் வரலாற்றை எழுத முனைவோருக்கும் இன்றியமையாததாகும்.

நிகழ்ச்சிகளை முதலில் வரிசைப்படுத்தி நோக்குதல் வேண்டும். 2009 யூலையில் பொன்சேகா பாதுகாப்புப் படைகளின் பிரதானியாக நியமிக்கப்பட்டார். அரசுத் தலைமையோடு ஏற்பட்ட பிணக்கினால் அவ்வாண்டு நவம்பரில் பதவி விலகி, 2010 சனவரி 26இல் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் மகிந்த இராசபக்சவை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பெப்ரவரி 8இல் இராணுவப் பொலிசார் அவரைக் கைது செய்தனர். காவலில் இருந்தவாறே ஏப்ரல் மாதப் பொதுத்தேர்தலில் கொழும்பு மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.

முதலாவது இராணுவ நீதிமன்றம், சேவையிலிருந்த காலத்திலேயே அரசியலில் ஈடுபட்டார் என அவரைக் குற்றவாளியாகக் கண்டு, 2010 ஆகஸ்ட் 13இல் அவமதிப்புடனான பணிநீக்கத்தைத் தண்டனையாக விதித்தது. அத்தீர்ப்பு சனாதிபதியின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது இராணுவ நீதிமன்றம், படைக்கான கேள்விப்பத்திர நடைமுறைகளை மீறினார் எனக் கண்டு, செப்டெம்பர் 17இல் 30 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதனாலேயே அவர் பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார். தேர்தலிற் போட்டியாளராக நின்றவரே தண்டனையை உறுதிசெய்யும் அதிகாரியாகவும் அமைந்தமை இவ்விசாரணைகளின்மீது தொடக்கத்திலிருந்தே ஐயத்தை எழுப்பியது.

ஆசனம் இழந்தமை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றம் அரசியலமைப்பின் நோக்கில் ஒரு நீதிமன்றம் ஆகுமா என்பதே எழுப்பப்பட்ட வினா. உயர் நீதிமன்றம் 2011 சனவரியில், ஆகும் என விடையளித்தது. படைவீரனை விசாரிக்கும் மன்றம் பொது நீதிமன்றத்துக்குரிய விளைவுகளை உண்டாக்க வல்லது என்பது இதனால் நிலைபெற்றது.

மூன்றாவது வழக்கு பொது நீதிமன்றத்தில் நடைபெற்றது. போரின் இறுதி நாட்களில் சரணடைய முன்வந்தோரைக் கொல்லுமாறு பாதுகாப்புச் செயலாளர் பணித்தார் எனப் பொன்சேகா கூறியதாக 2009 டிசம்பரில் ஆங்கில வார இதழொன்று செய்தி வெளியிட்டது. தம் கூற்றுத் திரிக்கப்பட்டதென அவர் பின்னர் விளக்கமளித்தார். அரசு அக்குற்றச்சாட்டை மறுத்தது. வெள்ளைக்கொடி வழக்கு என அறியப்பட்ட இவ்வழக்கில், 2011 நவம்பர் 18இல், கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவருள் இருவர் அவரைக் குற்றவாளியாகக் கண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தனர். மூன்றாமவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

2012 மே 21இல் சனாதிபதியின் மன்னிப்பினால் அவர் விடுதலையானார். எனினும் பதவிநிலையோ பதக்கங்களோ அரசியல் உரிமைகளோ திரும்பக் கிடைக்கவில்லை. 2015 சனவரி 8இல் நடைபெற்ற தேர்தலில் ஆட்சி மாறியது. இரு வாரங்கள் கழிந்து, சனவரி 22இல், புதிய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்கு முழு மன்னிப்பு வழங்கிப் பதவிநிலை, பதக்கங்கள், ஓய்வூதியம் ஆகியவற்றை மீளளித்தார். மார்ச் 22இல் அவர் பீல்ட் மார்சலாக உயர்த்தப்பட்டார். இலங்கையில் அப்பதவிநிலையைப் பெற்றவர் அவருக்கு முன் எவருமிலர்.

இவ்விடத்தில் மன்னிப்பு, மீளாய்வு என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காணல் அவசியமாகும். மீளாய்வு என்பது சான்றுகளை மீளத் திறந்து, விசாரணை முறையாக நடந்ததா, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா, தண்டனை தகுதியானதா என வினவி, காரணங்களை எழுத்தில் வைத்து முடிவு கூறுவதாகும். மன்னிப்போ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சனாதிபதிக்கு அளித்துள்ள அதிகாரம். அதற்குக் காரணங் கூற வேண்டுமென அவ்வுறுப்புரை விதிக்கவில்லை. சான்றுகளைத் திறக்க வேண்டியதுமில்லை. அது தண்டனையை நீக்கும். ஆயின் தீர்ப்புச் சரியா பிழையா என்பதைச் சொல்லாது.

இலங்கையிலேயே இதற்கு மாறான முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1962 சனவரி 27ஆம் நாளுக்குரிய ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின் பேரில் படை, பொலிஸ் அதிகாரிகள் உட்பட 24 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வழக்குக்கென்றே பின்னோக்கிச் செல்லும் சட்டமொன்று இயற்றப்பட்டது. 1965இல் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானியக் கோமறைக் கழகம், குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே இயற்றப்பட்ட அச்சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுவதெனக் கண்டு, தண்டனைகளை நீக்கியது. அத்தீர்ப்பு இன்றும் பொதுநலவாய நாடுகளின் சட்ட மாணவர்களாற் படிக்கப்படுகின்றது. பயன்பெற்றோர் பதினொருவரே எனினும், காரணங்கள் எழுதப்பட்டமையால் அது அனைவருக்கும் உரிய கோட்பாடாயிற்று. 2015இல் வழங்கப்பட்ட மன்னிப்பிலிருந்து அத்தகைய கோட்பாடு எதுவும் பிறக்கவில்லை.

கீழ்நிலைப் படைவீரர் திறத்திலும் இதே போக்கைக் காணலாம். விடுமுறையின்றிப் படையை விட்டு நீங்கியோர்க்குக் காலத்துக்குக் காலம் பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கப்படுவதுண்டு. 2024இல் ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அத்தகைய காலமொன்று வழங்கப்பட்டது. அக்காலத்தில் முன்வந்தோர் சட்டபூர்வமாக விலகும் வாய்ப்பைப் பெற்றனர். ஒருவன் அச்சத்தினால் நீங்கினானா, குடும்ப வறுமையினால் நீங்கினானா, தான் கண்டதைத் தாங்கவியலாமல் நீங்கினானா என்பது அங்கு வினவப்படும் பொருளன்று. பதிவு சீராகின்றது, ஆனால் அவன் கதை பதிவாவதில்லை.

மன்னிப்பை ஆதரிப்போர் கூறும் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அரசியற் பகைமையினால் ஒருவர் தண்டிக்கப்பட்டாரெனின், நெடிய விசாரணைகளுக்கு அவரை மீண்டும் உட்படுத்துவது இரண்டாவது தண்டனையாகிவிடும் என்பர். அது உண்மையே. தண்டனையை உடனடியாக நீக்கியமை பிழையென இங்கு கொள்ளப்படவில்லை. தண்டனையை நீக்கியபின் தீர்ப்புகளை ஆராய்வதற்கும் தடையேதும் இருக்கவில்லை. எனினும் மன்னிப்புடன் எல்லாம் முடிந்ததாகக் கொள்ளப்பட்டமையே குறையாகும். முதலிரு தீர்ப்புகளைப் பொறுத்தவரை இக்குறை ஒருவரது நற்பெயரோடு மட்டும் தொடர்புடையதாகலாம். மூன்றாவது தீர்ப்போ அத்தகையதன்று. வெள்ளைக்கொடி வழக்கின் அடியில் இருந்த வினா, சரணடைந்தோருக்கு என்ன நேர்ந்தது என்பதாகும். அவர் அவ்வாறு கூறினாரா, கூறியது குற்றமா என்பவற்றை நீதிமன்றம் ஆராய்ந்தது. மன்னிப்பு அத்தண்டனையைத் துடைத்தது. அடியில் இருந்த வினாவுக்கு இரண்டும் விடையளிக்கவில்லை.

இவ்வினா மன்னார்க் கரைக்கு மிக நெருங்கியது. அவ்வழக்கின் தீர்ப்பு வெளிவருவதற்குப் பத்து மாதங்கள் முன்னர், 2011 சனவரி 8இல், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருமாருடன் ஓர் அறிக்கையைக் கையளித்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் தொகை கச்சேரிக் கணக்கின்படி 429,059 ஆகும். 2009 யூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் தொகை ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 282,380 ஆகும். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குமாறு ஆயர் வேண்டினார். அத்தனை பேரும் இறந்தனர் என்பது அவர் கூற்றன்று. பதிவேடுகள் இரண்டையும் அருகருகே வைத்து, அவற்றின் வேறுபாட்டுக்குக் காரணங் கேட்டார். அது முற்றிலும் மீளாய்வு கோரும் மனு எனலாம்.

இம்மனுவுக்கும் தளபதியின் பதிவுக்கும் இடையே மறைமுகமான தொடர்பொன்றும் உண்டு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று தொகுதிகளும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். 2010 தேர்தலில் அங்கு வாக்களித்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பொன்சேகாவுக்கே வாக்களித்தனர். தம் ஊர்களின் ஊடாகப் படை நடத்தியவரை அம்மக்கள் தெரிந்தெடுக்க முனைந்தமை வியப்பைத் தரலாம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரிக்குமாறே கேட்டிருந்தது. தளபதிமீது கொண்ட பற்றினாலன்றி, அன்றைய ஆட்சி மாறவேண்டும் என்னும் விருப்பினாலேயே அவ்வாறு வாக்களித்தனர் எனக் கொள்வது பொருந்தும். 2015 சனவரி 8இல், ஆயர் மனுவளித்து நான்காண்டுகள் நிறைந்த அதே நாளில், அம்மாவட்டத்தில் வாக்களித்தோருள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் சிறிசேனவுக்கு வாக்களித்தனர். தளபதியின் பதவிநிலையை மீட்டளித்த ஆட்சி மாற்றத்தில் மன்னார்க் கரையின் வாக்குக்கும் பங்குண்டு.

அவ்வாக்கினால் தளபதியின் பதிவு பதினான்கு நாட்களில் திருத்தம் பெற்றது. கரையோர மக்களின் வினாவோ வேறு வழியிற் சென்றது. காணாமற்போனோர் அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்டது; அலுவலகம் 2018இலேயே இயங்கத் தொடங்கியது. ஆயர் இராயப்பு யோசேப்பு தாம் கேட்ட கணக்குக்கு விளக்கம் பெறாமலே 2021 ஏப்ரல் 1இல் இறைவனடி சேர்ந்தார். இவ்வேறுபாட்டை ஆட்சியாளரின் விருப்பு வெறுப்பினால் மட்டும் விளக்குதல் போதாது. தளபதி வேண்டி நின்றதை ஒரு கையொப்பத்தால் வழங்க முடிந்தது. காணாமற்போனவரின் தாய் வேண்டி நிற்பதை எந்தக் கையொப்பமும் வழங்கவியலாது. சான்றுகளைத் திறந்து, சாட்சிகளைக் கேட்டு, நடந்ததை எழுதி வைத்தாலன்றி அவள் மனு தீராது. மன்னிப்பையே வழியாகக் கொண்டு பழகிய அரசுக்கு மீளாய்வு செய்யும் பழக்கம் குன்றிவிடுகின்றது. அதன் இழப்பை முதலில் அடைவோர் அதிகாரமற்ற மக்களே.

படைவீரன் ஒருவனின் பதிவைத் திருத்துதல் சிறிய செயலன்று. அவன் பெயரும் குடும்பத்தின் வாழ்வும் அதில் தங்கியுள்ளன. பொன்சேகாவின் தீர்ப்புகள் காரணங் காட்டி மீளாயப்பட்டிருப்பின், அவருக்கும் உறுதியான விடுவிப்புக் கிட்டியிருக்கும். பெயரறியாத படைவீரர் பலருக்கும் அது வழிகாட்டியிருக்கும். வெள்ளைக்கொடி வழக்கின் அடியிலிருந்த வினாவும் மீண்டும் மன்றேறியிருக்கும். தளபதியின் பதக்கங்கள் அவரிடம் திரும்பிவிட்டன. மன்னாரில் ஆயர் கையளித்த அறிக்கையின் இரு எண்களும் அவற்றின் வேறுபாடும் இன்னும் அவ்வாறே இருக்கின்றன.