காணாமப்போன மூணாவது கம்பி

மதுரைப் பக்கம் பழைய வீட்டுக்கு வயரிங் மாத்துறப்போ பாத்திருப்பீங்க. மெயின் போர்டுல இருந்து ரெண்டே வயரை இழுத்து, கட்டிங் மெஷின், குண்டு பல்பு எல்லாம் அதுலயே ஓட்டுவாங்க. எர்த்? அதான் காணோம்.

இது பழைய வழக்கம். பைக்காரா மின்சாரம் 1932-லயும், பாபநாசம் 1944-லயும் வந்துச்சு. அந்தக் கால மரச்சட்ட வயரிங்ல பல இடத்துல ஃபேஸும் நியூட்ரலும் மட்டுந்தான். எர்த் வச்ச சிலரும் இரும்புத் தண்ணிக்குழாய்ல கட்டிட்டாங்க. பிற்பாடு குழாயைப் பிளாஸ்டிக்கா மாத்தினப்போ அந்த எர்த் சத்தமில்லாம செத்துப்போச்சு.

எர்த்திங்குக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 3043, வந்தது 1966-ல. கரி, உப்பு, தண்ணி எல்லாம் சரிதான். ஆனா நம்ம மண்ணு? சித்திரை வெயில்ல காய்ஞ்ச குழியோட தடை 20 ஓம்னு வைங்க (பொட்டி தட்டுறவனுக்கும் காலேஜ்ல படிச்ச ஓம் விதி மறக்கலை :-)). 230 வோல்ட்டுக்குப் பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. மெஷின் உடம்புல கரண்ட் அப்படியே நிக்கும். ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கு போதும்.

போற கரண்ட்டும் திரும்புற கரண்ட்டும் சமமா இல்லேன்னா உடனே துண்டிக்கிற கருவியை 1961-ல உருவாக்கினவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். அதோட சொந்தக்காரன்தான் நாம கடையில ஈ.எல்.சி.பி.ன்னு கேக்குற ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம். எர்த்துக்கு மாத்து இல்ல, துணை.

இங்க அதைப் பெயின்ட் அடிச்சு முடிச்சப்புறம் மாட்டுறாங்க. முதல் நாளே தற்காலிக போர்டுல, எர்த்தோட சேத்து மாட்டச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் அதையே புது போர்டுக்கு மாத்திக்கலாம், காசும் வீணாகாது.