சென்னை நகரமைப்புச் சட்டங்கள்

சென்னையிலும் புறநகர்களிலும் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என வரையறுக்கும் சட்டங்களும் விதிகளும். மனைக்கு வகுத்த ஒழுங்கை நீருக்கு வகுக்க இவை நெடுங்காலம் எடுத்துக்கொண்டன.

தொடக்கம்

ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்பத்தாண்டிலேயே மாம்பலம் ஏரியின் நீரை வடித்துத் தியாகராய நகரை அமைக்கும் பணி தொடங்கியது. பனகல் பூங்காவை மையமாக வைத்து விரிந்த தெருக்கள் திருத்தமான திட்டமிடலுக்குச் சான்று. அதற்கு நகரம் கொடுத்த விலை ஓர் ஏரி.

முழுமைத் திட்டங்கள்

1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இயற்றப்பட்டது. இதன்கீழ் 1974இல் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (இன்றைய சிஎம்டிஏ) சட்ட அதிகாரம் பெற்றது. 1976இல் ஒப்புதல் பெற்ற முதல் முழுமைத் திட்டம் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பகுத்தது. நடைமுறையில் அனுமதியை மீறிய மாடிகள் பெருகின. 1998இல் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 113-அ பிரிவு, கட்டணம் பெற்று அவற்றை வரன்முறைப்படுத்த இடமளித்தது. விதிக்கு அடங்கிக் கட்டியவருக்கு இது அநீதி. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது.

நீர்நிலைகள்

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டம் பிறந்தது. ஆயினும் சட்டங்கள் மட்டும் போதவில்லை: 2014இல் மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்தனர். 2015 டிசம்பர் வெள்ளம் அடையாறு கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. முன்னது கட்டுமானக் கண்காணிப்பின் குறையையும், பின்னது வெள்ளப் படுகைகளை வீட்டுமனைகளாக்கியதன் விளைவையும் காட்டின.

அண்மைக்காலம்

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களின் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்புக்கும் மொத்தத் தளப்பரப்புக்கும் உள்ள விகிதம்) 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி பெற்றது. அதே ஆண்டில் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் ஏரிகளும் வயல்களும் ஏராளம். மனைப்பிரிவு அனுமதிக்கு முன்பே அவற்றின் எல்லையைச் சட்டப்படி உறுதிசெய்தால்தான் மாம்பலம் ஏரிக்கு நேர்ந்தது அவற்றுக்கு நேராது.